ஆர்டர் நோட்டில் எழுதக் கூடாதவை

ஜனவரி 9, வியாழன்

ஆர்டர் நோட்டில் ஆர்டர் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். மருமகள் சுஷ்மா சொல்லிவிட்டாள். யாருக்கு, என்ன பூ, எத்தனை முழம், என்றைக்கு, எத்தனை மணிக்கு. இதற்கு மேல் ஒரு சொல் கூடாதாம். அப்படியானால் மற்றதையெல்லாம் நான் எங்கே எழுதுவது? அதற்குத்தான் இது. மருந்துக்கடைக்காரர் கொடுத்த டைரி, டிவிக்கு அடியில் சும்மா கிடந்தது.

எழுத வேண்டி வந்த கதையை முதலில் எழுதிவிடுகிறேன். போன மாதம் உதுமான் பாய், எதிர்ச் சந்தில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர், போனில் கூப்பிட்டார். வீட்டில் மவுலூது ஓதுகிறோம், வெள்ளி ராத்திரிக்கு ரோஜா மாலையும் மல்லிகைச் சரமும் வேண்டும் என்றார். நான் எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு எதற்கு எழுத்து? வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூ போய்ச் சேர்ந்தது. அங்கே முதல் நாளே ஓதி முடித்து, ஜமுக்காளத்தையும் மடித்தாகிவிட்டது. அவர்களுக்குப் பொழுது அடைந்தாலே மறுநாள் பிறந்துவிடுகிறது. அவர்களுடைய வெள்ளி ராத்திரி நம்முடைய வியாழன் ராத்திரி. தாராவிக்கு வந்து இத்தனை காலமாகியும் எனக்கு இது தெரியவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

நான் மறக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி வைத்திருந்தேன். ஆனால் என் மகன் மகேஷ்குமார் என்ன சொன்னான்?

"எம்மா, ஒனக்கு வயசாயிட்டு. மறதி வருது. போனை சுஷ்மாகிட்டக் குடுத்துரு."

மறதி! எனக்கு! இவன் நாலாம் வகுப்பில் யாருடைய பென்சிலை எடுத்து வந்தான் என்பதுகூட எனக்குத் தெரியும்.

சுஷ்மாதான் நடுவில் புகுந்தாள். "கல்யாண சீசன் முடியுற வரைக்கும் அத்தைகிட்டயே இருக்கட்டும். ஆனா எழுதணும் அத்தை. ஞாபகத்துல வெச்சுக்கிறேன்னு சொன்னா நடக்காது. சீசன் முடிஞ்சதும் பார்த்துக்கலாம்."

முட்டி போன பிறகு மாட்டுங்கா ஸ்டேஷன் வாசல் கடைக்கு நான் போவதில்லை. மகேஷ் விடியற்காலை தாதருக்குப் போய்ப் பூ வாங்குகிறான். கடையில் உட்காருவதும் வீடு வீடாகக் கொடுப்பதும் சுஷ்மா. என் விரலும் பழையபடி ஓடுவதில்லை. எனக்கு மிச்சம் இருப்பது இந்தப் போன் ஒன்றுதான். "உலகம்மா பூக்கடை, சொல்லுங்க" என்று எடுப்பேன். அதுவும் போனால் இந்த வீட்டில் நான் யார்? சோறு தின்கிற ஆள்.

எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தானே. பார்த்துவிடலாம்.

ஜனவரி 10, வெள்ளி

ஐந்து ஆர்டர், ஐந்தையும் எழுதினேன். அதற்குள் இரண்டு பேர் போனை வைத்துவிட்டார்கள். நான் எழுதுகிற வேகத்துக்குப் பேச பம்பாயில் யாருக்கும் பொறுமை கிடையாது.

ஜனவரி 13, திங்கள்

போகி. காலையிலிருந்து போன் ஓயவில்லை. அடுப்பில் சுட்டுக்கொண்ட வலது கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு இடது கையால் எழுதினேன்.

'யாருக்கு' என்று எழுதுவதில்தான் சிக்கல். செம்பூரில் மட்டும் நமக்கு மூன்று சுப்ரமணியன். பெயரை எழுதினால் எனக்கே ஆள் தெரியாமல் போகிறது. எனக்கு ஒருவரைத் தெரிவது அவர் பெயரை வைத்தா? அவர் செய்ததை வைத்துத்தான். அதனால் எனக்குத் தெரிகிற மாதிரி எழுத ஆரம்பித்தேன். ஒரு சுப்ரமணியன் 'பந்தியிலிருந்து எழுப்பிவிட்டவர்'. இன்னொருவர் 'என் மாலையை வாடல் என்றவர்'. மூன்றாமவர் பாவம், ஒன்றும் செய்ததில்லை. அவர் வெறும் சுப்ரமணியன். தேவ்நார் டீச்சர் 'பித்தளைச் செம்பு'. அதை வாங்கிப் போனவள்தான், இன்னும் என் செம்பு அங்கேதான் பொங்கல் பார்க்கிறது.

இப்படி எழுதிய பிறகு ஒரு தப்பும் இல்லை. பார்த்ததும் முகம் வந்து நிற்கிறது.

பொட்டலம் கட்டும்போது அதையே ஒரு சீட்டில் எழுதி இலைக்குள் சொருகிவிடுகிறேன். காலையில் அந்தச் சீட்டைப் பார்த்துச் சுஷ்மாவிடம் எது எந்த வீடு என்று வாயால் சொல்வேன். அவள் கூடையில் வரிசையாக அடுக்கிக்கொள்வாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கல்யாண் என்கிற ஊரில் பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பேச்சு மட்டும் வாய் நிறையத் தமிழ்.

ஜனவரி 16, வியாழன்

மாட்டுங்கா ஷ்யாமளா மாமி கூப்பிட்டார். பாலக்காட்டுக்காரர்கள். மகள் ஸ்ரீலேகாவுக்குப் பிப்ரவரி பதினாறில் கல்யாணம். அதற்கு முன்னால் நாளைக்கு வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை. தொடுத்த மல்லிகை, கதம்பம், தாழம்பூ கிடைத்தால் ஒன்று.

"கல்யாணத்துக்கும் உங்கிட்டதான் சொல்லப்போறேன், உலகம்மா. நாளைக்குப் பூவைப் பாத்துட்டு மீதி பேசலாம்" என்றார்.

மண்டபம் முழுக்க நம் பூ. இந்தச் சீசனில் இதைவிடப் பெரிய ஆர்டர் கிடையாது. மகேஷ் கேட்டதும் விசிலே அடித்தான். "எம்மா, இத மட்டும் ஒழுங்கா எழுதிரு. நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்றான். பார்த்துக்கொள்.

எழுதினேன். நாள், மணி, பூ, முழம். எல்லாம் சரி.

ஜனவரி 17, வெள்ளி

இன்றைக்கு எழுத்து கோணினால் கோணட்டும்.

மத்தியானம் சுஷ்மா கடையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு சீட்டை என் மடியில் வைத்தாள். ஈரமாக, இலைச்சாறு பட்டு... என் சீட்டு. என் எழுத்து.

"மாமி குடுத்தாங்க. 'இதுல என்ன எழுதியிருக்குன்னு உன் மாமியாரையே படிச்சுக் காட்டச் சொல்லு'ன்னாங்க. முகமே சரியில்லை. என்ன அத்தை எழுதியிருக்கு?"

"அவுக பேருதான்."

"பேரா? இவ்ளோ நீளமா?"

"மாட்டுங்கா ஷ்யாமளா மாமி. நீளந்தான்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். தன் போனை எடுத்தாள். சீட்டைப் படம் பிடித்தாள். போன் படிக்குமாம்! எந்தப் பாவி கண்டுபிடித்தானோ. ஒரு பொம்பளைக் குரல், ரயில்வே ஸ்டேஷனில் அறிவிக்கிற மாதிரி, வீடு முழுக்கக் கேட்கும்படி நிறுத்தி நிதானமாக வாசித்தது:

"வாசலில். நிற்க. வைத்தவள்."

நான் 'வாசல்ல நிக்க வச்சவ' என்றுதான் எழுதியிருந்தேன். அதைத் திருத்தி வேறு வாசிக்கிறது.

சுஷ்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சுமங்கலிப் பிரார்த்தனைப் பூவுக்குள்ளயா அத்தை?"

தமிழ் படிக்கிறவர்கள் இந்த ஊரில் இல்லை என்று நினைத்துவிட்டேன். என் மகன் எழுத்துக் கூட்டுவான், மருமகளுக்கு அதுவும் வராது, பேத்தி தன்வி தமிழ் எழுத்தைப் பார்த்தால் ஜிலேபி என்கிறாள். வீட்டைப் பார்த்து ஊரை அளந்துவிட்டேன். மாமி வாராவாரம் தமிழ்ப் பத்திரிகை வாங்குகிறவர். என் பூப்பொட்டலத்துக்கு இலைக்கு மேல் சுற்றுவதே அவர் வீட்டுப் பழைய பத்திரிகைத்தாள்தான்.

ஜனவரி 18, சனி

மகேஷ் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். "மாமி ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டாங்கன்னா போன் சுஷ்மாகிட்ட. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

சுஷ்மா ஆர்டர் நோட்டு முழுவதையும் ஒவ்வொரு பக்கமாகப் போனில் காட்டிப் படிக்கவிட்டாள். அந்த ஸ்டேஷன்காரி சளைக்காமல் வாசித்தாள். 'பித்தளைச் செம்பு.' 'பந்தியிலிருந்து எழுப்பிவிட்டவர்.' 'கும்பிட்டதைப் பார்க்காத மாதிரி போனவர்.' சுஷ்மா சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் வந்தது.

அடுத்த பக்கத்தில் அவள் அம்மா. பொங்கலுக்குக் கதம்பம் கேட்டிருந்தாளே. 'பாயசம் தீர்ந்துபோச்சுன்னவ.'

சிரிப்பு நின்றது.

"எங்க அம்மாவா இது?"

நோட்டை மூடப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"கல்யாணத்தப்பவா? பன்னெண்டு வருஷம் ஆச்சு அத்தை."

"எனக்கு நேத்து மாதிரி இருக்கு. தீரலை. அண்டாவுல இருந்துச்சு, நான் பார்த்தேன். சம்பந்திக்கு ஒரு டம்ளர் குடுத்தா கொறஞ்சா போகும்?"

நோட்டை அவளே மூடினாள். பிறகு கேட்டாள்: "எனக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க?"

"ஒங்கிட்டேருந்துதான் ஆர்டரே வரலையே."

சிரிப்பாளென்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஜனவரி 20, திங்கள்

மாமி கூப்பிடவில்லை. நானே கூப்பிடலாமா? என்ன சொல்வது? எழுதியது பொய் என்றா? பொய் இல்லையே.

ஜனவரி 21, செவ்வாய்

கூப்பிட்டுவிட்டார். சொன்னதைச் சொன்னபடி எழுதிவைக்கிறேன்.

"உலகம்மா பூக்கடை, சொல்லுங்க."

"நான் வாசல்ல நிக்க வெச்சவ பேசறேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். மாமி விடவில்லை.

"எந்த நாள்னு சொல்லு. நானும் நாலு நாளா யோஜிச்சுப் பார்த்துட்டேன். நான் எப்போ உன்னை நிக்க வெச்சேன்?"

"ஸ்ரீலேகாவுக்குக் காது குத்துன அன்னைக்கு. ஆடி மழை. நான் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு மூணு மாடி ஏறி வந்தேன். நீங்க பூவ வாங்கிக்கிட்டு, இருன்னு சொல்லிட்டு உள்ள போனீங்க. வரவேயில்ல. எல்லாரும் என்னைத் தாண்டித் தாண்டி உள்ள போறாக. நான் சொட்டச் சொட்ட நிக்கேன். ஒரு மனுசி என் சாக்குத் தண்ணி படாம சேலையத் தூக்கிக்கிட்டுப் போனா. அவ சேலை மாம்பழக் கலரு."

வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன்.

"மாம்பழக் கலர் என் ஓர்ப்படி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "உள்ளே கூப்பிடறதுக்குத்தான் போனேன். எங்க மாமியார் ஹால்லயே உக்காந்துண்டிருந்தா. 'பூக்காரியை எதுக்கு உள்ளே கூப்பிடறே'ன்னா. நான் பதில் பேசலை. அவகிட்ட அப்போ யார் பேசுவா? துவட்டிக்கத் துண்டு ஒண்ணு எடுத்துண்டு வந்தேன். வந்து பார்த்தா நீ இல்லை. படி முழுக்க ஈரம்தான் இருந்தது."

"துண்டு எடுத்துட்டு வந்தீகளா?"

"நீலத் துண்டு. மறுநாளும் அந்தத் துண்டை மடிச்சு வெச்சிண்டிருந்தேன், நீ வருவேன்னு. நீ அப்புறம் மூணு மாசம் வரவேயில்லை. உன் ஆத்துக்காரரை அனுப்பினே."

அது உண்மை. அவுகளைத்தான் அனுப்பினேன்.

"நிக்க வச்சது நெசந்தானே மாமி?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது. ஆர்டர் போய்விடும். ஆனாலும் கேட்டேன்.

"நிஜம்தான்" என்றார். "நீ எழுதினதுல தப்பில்லை. ஆனா நீ பார்த்த வரைக்கும்தான் எழுதியிருக்கே. நான் பார்த்ததும் சேர்ந்தாதான் அது முழுசா ஆகும்."

அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. எனக்குக் கேட்டது.

"சரி, பேனாவை எடு" என்றார் மாமி. "கல்யாணத்துக்கு வேண்டியதைச் சொல்றேன். எழுதிண்டு எனக்குத் திருப்பிப் படிச்சுக் காட்டணும். ஒரு வார்த்தை விடாம. நீ என்ன எழுதறேன்னு இனிமே எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஒவ்வொன்றாகச் சொன்னார், எழுதினேன், படித்தேன். படிக்கிறபோதுதான் ஓட்டைகள் தெரிந்தன. 'மாற்று மாலை' என்று சொல்லியிருந்தார், எத்தனை என்று இல்லை. 'காலையில்' என்று சொல்லியிருந்தார், பூ கைக்கு வர வேண்டிய நேரம் இல்லை. நானும் கேட்டேன்:

"மாலை மாத்தும்போது மாமன்மாரு தோள்ல தூக்குவாகளா?"

"தூக்காம? ரெண்டு பக்கமும் தடித்தடியா இருக்கா."

"அப்போ நாருல கட்டினா அந்து விழுந்துரும். நூல் ரெட்டையாப் போடணும். மாலையும் கனம் கொறைச்சலா வேணும். பொண்ணுக்குக் கழுத்து வலிக்கும்லா."

"அதையும் எழுதிக்கோ" என்றார் மாமி.

நான் பாட்டுக்கு எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் யாரிடமும் திருப்பிச் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் உதுமான் பாயும் அன்றைக்கே சொல்லியிருப்பார், "வியாழன் பொழுது அடைஞ்சதும்" என்று.

யாருக்கு என்ற இடத்தில் 'ஷ்யாமளா மாமி, மாட்டுங்கா' என்று எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. மாம்பழக் கலரை நான் விடவில்லை. அவள் இங்கே இந்த டைரியில் இருக்கட்டும்.

ஜனவரி 22, புதன்

மகேஷ் கேட்டான்: "கேன்சலா?"

"மண்டபம் முழுக்க நம்ம பூ."

விசில் அடிக்கவில்லை. "நிஜமாவாம்மா?" என்றான். போனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீசன் முடியட்டும் என்று இருக்கிறானோ.

ஜனவரி 25, சனி

சாயங்காலம் விளக்கு வைத்ததும் நானும் சுஷ்மாவும் நோட்டை விரித்துக்கொண்டு உட்காருகிறோம். இடது பக்கம் என் தமிழ். நான் படிக்கப் படிக்க அவள் வலது பக்கத்தில் இந்தியில் எழுதுகிறாள். சும்மா எழுதுவதில்லை. கேள்வி கேட்டே கொல்லுகிறாள்.

"'நல்ல நீளம்'னா எவ்ளோ அத்தை?"

"நல்ல நீளந்தான்."

"உங்க நல்ல நீளம் வேற, என் நல்ல நீளம் வேற. முழத்துல சொல்லுங்க."

"யாரு முழம்? ஒன் கையா, என் கையா?"

இரண்டு பேரும் கையை நீட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் முழம் நாலு விரல்கடை குறைச்சல். எப்போது குறைந்தேன்? இத்தனை நாளும் என் முழத்துக்கு விலை சொல்லி அவள் முழத்துக்குப் பூ கொடுத்திருக்கிறோம். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். "பூ கட்டிக் கட்டி வளைஞ்சு போச்சு" என்றாள்.

இனிமேல் முழம் என்றால் சுஷ்மா முழம். முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டோம்.

ஜனவரி 30, வியாழன்

உதுமான் பாய் கூப்பிட்டார். தங்கை மகன் ராஹிலுக்கு நிக்காஹ். முகத்துக்குப் பூச்சரம், கார் ஜோடனை, எல்லாம்.

"அடுத்த வெள்ளி ராத்திரி, யக்கா."

"பாய், வெள்ளி ராத்திரின்னா பிப்ரவரி ஆறாந்தேதி. வியாழன். பொழுது அடைஞ்சு மஃரிபு பாங்கு சொன்னப்புறம். அப்படித்தானே?"

பாய் சிரித்துவிட்டார். "எங்க காலண்டர் உங்களுக்குப் பிடிபட்டுப் போச்சே!"

"நீங்க அன்னைக்கே என்னைத் திட்டியிருக்கலாம்."

"எப்படித் திட்டுறது? நீங்க சொன்ன நாளுக்குச் சொன்ன மணிக்கு வந்து நிக்கீங்க. வீட்டுல பேகம் சொன்னா, 'பூவ வீணாக்க வேணாம், ஒரு யாசீன் ஓதிருவோம்'னு. மறுநாளும் ஓதினோம். ரெட்டைப் பலன்."

இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். இவருக்கு ஒரு பட்டப்பெயர் வைக்க வேண்டுமென்றாலும் வைக்க முடியாது.

பிப்ரவரி 7, வெள்ளி

ராஹில் நிக்காஹ் பூ சரியான நாளில், சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பேகம் பிரியாணி கொடுத்தனுப்பினாள். நான் சாப்பிடுவதில்லை என்று தெரிந்து எனக்குத் தனியாக ஃபிர்னிப் பாயசம். அதுவும் மண் சட்டியில்.

பிப்ரவரி 13, வியாழன்

காய்ச்சல். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, இப்போது பார்த்துக் காய்ச்சல்.

டாக்டர் கடகடவென்று சொன்னார். பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்து எழுதிக்கொண்டு, "சிவப்பு மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம், வெள்ளை வெறும் வயித்துல, மூணு நாள்ல கொறையலன்னா ரத்தம் பாக்கணும். சரியா டாக்டர்?" என்று இந்தியில் திருப்பிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளைதான் சாப்பாட்டுக்கு அப்புறமாம், அவர்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறார். "அச்சா ஹுவா, மௌசி" என்றார், நல்லதாய்ப் போயிற்றாம்.

சுஷ்மா ஆட்டோவில் வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் உடம்பு கொதிக்கிறது.

பிப்ரவரி 15, சனி

காய்ச்சல் விடவில்லை. மெத்தையில் கிடக்கிறேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பூ வாசனை நெஞ்சை அடைக்கிறது. தாதரிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருக்கிறது. கட்ட நாலு பெண்கள் வந்திருக்கிறார்கள்.

சுஷ்மா நோட்டை வாசிப்பது கேட்கிறது. "மாத்து மாலை ஆறு. பொண்ணுக்கு மூணு, மாப்பிள்ளைக்கு மூணு. நூல் ரெட்டை. நார் கூடாது. தூக்குவாங்க." மகேஷ் எதிர்க்கேள்வி கேட்கிறான். அவள், "இரு, அத்தை எழுதியிருக்காங்க" என்று தேடுகிறாள். "ஜடைக்குக் கனகாம்பரம் வேண்டாம். பொண்ணுக்கு அந்தக் கலர் பிடிக்காது."

எப்போது வந்து கேட்பார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். ஏதாவது ஒன்றாவது விட்டுப்போயிருக்கும். "அத்தை, இது என்ன?" என்று வருவாள். கண்ணை மூடினாலும் காது அங்கேயே இருந்தது.

மத்தியானம் கஞ்சி கொடுக்க வந்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போய்விட்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

விடியுமுன் எல்லோரும் மாட்டுங்காவுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் உதிர்ந்த பூவும்தான். இந்நேரம் மாலை மாற்றுவார்களா? நூல் தாங்குமா?

பிப்ரவரி 17, திங்கள்

தாங்கியதாம். மாமன்மார் தூக்கிக்கொண்டு ஓடியதில் ஒருவருக்கு வேட்டி அவிழ்ந்துவிட்டதாம், மாலை அவிழவில்லையாம். சுஷ்மா நடித்துக் காட்டினாள். தன்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

காய்ச்சல் விட்டது. வாய்தான் கசக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாமி கூப்பிட்டார். "ஏன் வரலை நீ? உனக்குன்னு முன் வரிசையில நாற்காலி போட்டு வெச்சிருந்தேன். யாரையும் உக்கார விடலை."

"காச்சல் மாமி."

"ஓர்ப்படி வந்து உக்காரப் பார்த்தா. 'எழுந்திரு, அது உலகம்மாவுக்கு'ன்னேன். மூஞ்சி போன போக்கை நீ பார்த்திருக்கணும்."

நாற்காலி போட்டது நிஜமா என்று சுஷ்மாவிடம் விசாரித்தேன். நிஜம்தான். சிவப்பு நாற்காலியாம். மாம்பழக் கலரை எழுப்பிவிட்டதும் நிஜமாம். இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

தெளிவாக ஒன்று எழுத வேண்டும். எழுதாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன்.

இவ்வளவு பெரிய கல்யாணத்தை நான் இல்லாமல் முடித்துவிட்டார்கள். என் எழுத்து ஒன்றே போதுமாயிருந்தது. எதை எழுத வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சுஷ்மாவுக்கும் இப்போது தெரியும். அவள் போனில் பேசுவதைக் கேட்டேன். என்னைப் போலவே திருப்பிச் சொல்கிறாள், என்னைவிட வேகமாக. சீசனும் முடிகிற மாதிரிதான். அப்படியானால் நான் எதற்கு? ஞாபகம் முழுவதையும் நோட்டில் இறக்கிவிட்டால் ஆள் காலி. இது தெரிந்துதான் எழுதச் சொன்னாளோ?

சே. அவளைப் பற்றி அப்படி எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும். நான் பார்த்த வரைக்கும்தானே இது.

பிப்ரவரி 22, சனி

கேட்டுவிட்டேன். மனதுக்குள் வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஊறப்போடுவதைவிடக் கேட்டுவிடலாம் என்று.

"ஏளா, சீசன் முடியப்போகுது. போனை எப்ப வாங்கிக்கப் போற?"

நெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எதுக்கு?"

"நீதானே சொன்ன. சீசன் முடிஞ்சு பாக்கலாம்னு."

"அரே அத்தை! அது அவர் வாயை மூடுறதுக்குச் சொன்னது. நீங்க போன் எடுத்தா ஆளுங்க பேசுறாங்க. நான் எடுத்தா ரேட் மட்டும் கேட்டுட்டு வெச்சிடுறாங்க. பொண்ணுக்குக் கனகாம்பரம் பிடிக்காதுன்னு எங்கிட்ட எந்த மாமி சொல்லியிருப்பா?" என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். "இதைக் கேக்கவா ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தீங்க?"

தூக்கித்தான் வைத்திருந்தேன் போல.

மார்ச் 3, திங்கள்

சம்பந்திக்கு முட்டி ஆபரேஷன். சுஷ்மா காலையில் கல்யாணுக்குக் கிளம்பினாள், பத்து நாள் ஆகும். பள்ளிக்கூடம் போக மாட்டேன், நானும் வருவேன் என்று தன்வியும் அழுது ஒட்டிக்கொண்டாள். சம்பந்திக்கு என்று கொஞ்சம் கதம்பம் கட்டிக் கொடுத்தேன். முட்டி வேறு, பாயசம் வேறு.

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, தன் போனையும் என் மடியில் வைத்தாள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ஆர்டர் சொல்கிறவர்கள் எல்லாம் அதில்தான் வருவார்கள்.

"அப்போ ஒனக்கு?"

"அம்மா போன் இருக்கு. இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

குனிந்து, தன்விக்கும் கேட்காமல், அதைத் திறக்கிற நம்பரைக் காதில் சொன்னாள். நான் ஒரு தரம் திருப்பிச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினாள், ஒன்பது மணி ரயிலுக்கு.

அந்த நம்பரை நான் எதிலும் எழுதவில்லை.